விவசாயக் குடும்பமும் வஸ்திரச் சிக்கனமும்

விதை, எரு, மாடு, கூலி ஆகியவற்றுக்குக் கணக்குப் பார்க்கும் குடியானவர், தாம் உடுக்கும் துணிக்குக் கணக்குப் பார்ப்பதில்லை. விதைநெல்லைக் கையில் அள்ளி, ஊதி, கடித்துப் பார்த்து வாங்கும் அதே மனிதர், தீபாவளிக்குத் துணி எடுக்கையில் கடைக்காரர் விரித்துப்போட்டதை நிறம் பார்த்து வாங்கிவிடுகிறார். அது எந்த நூலால் நெய்தது, எத்தனை வருஷம் உழைக்கும், கிழிந்தபின் எங்கே போய்ச் சேரும் என்று அவர் கேட்பதில்லை. இவற்றை நகரத்தார் விஷயமென்று ஒதுக்கலாகாது. பருத்தித் துணி நிலத்தில் விளைவது. எந்தத் துணியும் கடைசியில் நிலத்திற்கே வந்து சேர்வது. ஆகவே இது விவசாய விஷயமேயாகும்.

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள பகுதியில் ஒரு விந்தையைக் காணலாம். மார்கழி, தை மாதங்களில் தூரதேசங்களினின்று வந்து தங்குவோர், அங்குள்ள கடைகளில் பருத்தி உடைகளையே தேடி வாங்குகின்றனர். பௌர்ணமிதோறும் அதே சாலை வழியே 14 கிலோமீட்டர் கிரிவலம் வரும் கிராமவாசிகளுள் அநேகரோ, பூமியினின்று எடுக்கும் கனிம எண்ணெயிலிருந்து செய்த பாலியெஸ்டர் இழையை உடுத்து வியர்த்து நடக்கின்றனர். உஷ்ண தேசத்தில், பருத்தி விளையும் நாட்டில், இது சிறிதும் பொருந்தாத வழக்கம்.

அவ்விடத்திற்கு 1896-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி வந்து சேர்ந்த ரமணர், உடுத்திருந்த வேட்டியைக் கிழித்து ஒரு கோவணமாக்கிக்கொண்டு மற்றதை எறிந்துவிட்டார். 1950-இல் மறையும்வரை அதுவே அவர் உடையாயிற்று. கோவணம் கிழிந்தபோது முள்ளையே ஊசியாகவும், அத்துணியிலிருந்தே உருவிய நூலை இழையாகவும் கொண்டு அவர் தைத்துக்கொண்டதாக ஆசிரம வரலாறுகள் கூறும். காந்தியடிகள் 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி மதுரையில் அரையாடை பூண்டதும், இந்நாட்டு ஏழைக் குடியானவனின் உடையைக் கண்டேயாம். துறவியர் வழி இல்லறத்தார்க்கு ஒவ்வாதென்று சிலர் கூறுவர். மெய்தான், ஆனால் கிழிந்ததைத் தைத்துடுப்பதற்குத் துறவறம் வேண்டியதில்லை. சென்ற தலைமுறைவரை எல்லா வீட்டிலும் ஊசியும் நூலும் இருந்தன.

துணி மலிவென்பது கடையில் கொடுக்கும் பணத்தை மட்டும் பார்த்துச் சொல்லும் சொல். மீதிப் பணத்தை வேறொரு குடியானவர் கொடுக்கிறார். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யல் ஆற்றில் கலந்து வந்ததால், பாசனத்திற்கென 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாய நீரே தேங்கிற்று. பயிருக்கு விடவேண்டிய நீர் பயிரைக் கெடுக்கும் நீராயிற்று; கிணறுகளும் உப்பேறின. 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட நேர்ந்தது. அங்கே சாயமிட்டதில் பெரும்பகுதி பருத்திப் பனியனே என்பதைக் கவனிக்கவேண்டும். ஆகையால் பருத்தி என்ற பெயர் மட்டும் போதாது. ஆண்டுக்குப் பத்து உடுப்பு வாங்கி, மூன்றே முறை உடுத்திக் கழிப்பவர், பருத்தியே உடுத்தாலும் நொய்யல் கரைக் குடியானவருக்குத் தீங்கு செய்தவரே.

பருத்தியின் கதையிலும் ஒரு நஷ்டம் உண்டு. 1947-இல் இந்நாட்டுப் பருத்தி நிலத்தின் மிகப் பெரும்பகுதியில் நாட்டு ரகங்களே விளைந்தன. கோவில்பட்டிக் கரிசலில் மானாவாரியாக வளரும் கருங்கண்ணி அவ்வினத்தது, வறட்சியைத் தாங்குவது. அதன் இழை குட்டையாதலால் ஆலைகள் அதை விரும்பவில்லை. நீண்ட இழையுடைய அமெரிக்க இனமும், 2002-இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தியும் நிலத்தைப் பிடித்துக்கொண்டன. திருவண்ணாமலைச் செம்மண்ணில் கருங்கண்ணியை விதைக்கச் சொல்வது யோசனையாகாது. இங்கே மணிலாவும் நெல்லும் கரும்புமே மிகுதி. எனினும் அந்நூலில் நெய்த முரட்டுத் துணியை உடுத்த எந்த மண்ணும் தடையில்லை.

கடையில் ‘காட்டன்’ என்று சொல்வதையெல்லாம் நம்பவேண்டாம். துணியின் ஓரத்திலிருந்து பாவு நூல் ஒன்றும் ஊடை நூல் ஒன்றும் உருவித் தனித்தனியே தீயில் காட்டுக. பருத்தியாயின் காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டராயின் சுருங்கி உருகி, ஆறியதும் கறுத்த மணிபோல் இறுகும். கலப்பு நூலாயின் சாம்பலோடு இறுகிய துகளும் கைக்குத் தட்டுப்படும். கார்த்திகை தீபத்தன்று மலையுச்சிக் கொப்பரையில் திரியாவது காடாத்துணி. உருகும் துணி அங்கே திரியாகாது. கைத்தறியென்று உறுதி வேண்டுவோர், 2006 முதல் வழங்கும் கைத்தறி முத்திரையைப் பார்த்து வாங்கலாம். 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் கடைகளும் உண்டு. வயல் வேலைக்கு நூறாம் நம்பர் மெல்லிய நூல் வேட்டி உதவாது. நாற்பதாம் நம்பர் நூலே உழைக்கும். சாயமும் சலவையும் ஏறாத கோராத் துணி இன்னும் நல்லது.

நாற்று நடும் பெண்டிர், பாலியெஸ்டர் சேலை இலேசானது, நனைந்தால் சீக்கிரம் உலர்கிறது, விலையும் குறைவு என்கின்றனர். நியாயமான பேச்சு. மாற்றுச் சேலை இரண்டே உடையவர் வேறென்ன செய்வர்? அவர்களைக் குறைகூறும் முன் பட்டாதாரர்கள் தங்கள் பெட்டியைத் திறந்து பார்க்கவேண்டும். பண்டிகைக்கு ஆட்களுக்கு எடுத்துக் கொடுக்கும் துணியையாவது கைத்தறிப் பருத்தியாகக் கொடுக்கலாம். எண்ணிக்கை குறையுமேயென்ற தயக்கம் வேண்டாம், துணி நீடித்துழைக்கும். கிராம அதிகாரிகள் செய்யத்தக்கது வேறு. பழந்துணியை ஏரிக்கரையிலும் வாய்க்காலிலும் எறிவதையும், குவித்துக் கொளுத்துவதையும் தடுப்பது அவர்கள் கையில் உள்ளது. மடையில் சிக்கிய பாலியெஸ்டர் சேலை மக்குவதில்லை என்பதை நீர்பாய்ச்சுவோர் அறிவர்.

பழைய பருத்தி வேட்டி விவசாயிக்கு ஒரு கருவி. வேப்பங்கொட்டைப் பருப்பு 5 கிலோவை இடித்து, 10 லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கித் தெளிப்பது வழக்கம். சரியாக வடிகட்டாவிடில் தெளிப்பான் மூக்கு அடைத்துக்கொள்ளும். இரண்டாக மடித்த பழைய வேட்டியே இதற்கு உகந்தது. கடையில் தனித்துணி வாங்கவேண்டியதில்லை. குழந்தைக்குத் தூளியாவது பழஞ்சேலை. இவை யாவும் முடிந்து நூல்நூலாய்ப் போனபின், சாயம் மிகாத பருத்தித் துணியைக் கீறி எருக்குழியில் சாணத்தோடு போட்டால் மக்கிவிடும். பாலியெஸ்டரையும் கலப்புத் துணியையும் குழியில் சேர்க்கலாகாது. அவற்றின் துகள் எருவோடு வயலுக்குப் போகும். பருத்திச் சட்டையாயினும், போடுமுன் பொத்தான், இலாஸ்டிக் பட்டை, கழுத்துச் சீட்டு ஆகியவற்றையும், தையல் நூல் பெரும்பாலும் பாலியெஸ்டராதலால் தையல் ஓரங்களையும் கத்தரித்து நீக்கிவிடவேண்டும்.