யூ.எஸ்.பி. இணைப்பில் கோளாறா? அவசரம் வேண்டாம்!



ராஸ்ப்பெரி பை என்னும் சிறிய கணினிப் பலகையைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். மாணவர்களுக்குக் குறைந்த செலவில் கணினி கிட்ட வேண்டும் என்னும் நோக்குடன் இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டு, 2012-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வெளிவந்தது அது. பிள்ளைகளின் படிப்புக்கு மட்டுமன்றி, ஒரு ஹார்டு டிஸ்க்கை இணைத்துக் குடும்பப் படங்களைச் சேமித்து வைக்கும் பெட்டகமாகவும் அதனைப் பயன்படுத்துவோர் உண்டு.

இவ்வாறு இணைத்த டிஸ்க் ஒருநாள் திடீரென்று கணினியில் தென்படாமற் போகலாம். உடனே டிஸ்க் பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டுதல் தகாது. ஆராய வேண்டியவற்றை வரிசையாகக் காண்போம்.

முதலாவது, மின்சாரம். 2019-இல் வந்த நான்காம் மாதிரிப் பலகைக்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் வழங்கும் அடாப்டர் தேவை. அதன் நான்கு யூ.எஸ்.பி. துளைகளும் சேர்ந்து 1.2 ஆம்பியர் மட்டுமே தர இயலும். 2023-இல் வந்த ஐந்தாம் மாதிரியோ, 3 ஆம்பியர் அடாப்டரில் இயங்கும்போது தன் துளைகளுக்கு 0.6 ஆம்பியர் மட்டுமே அளிக்கும். 5 ஆம்பியர் அடாப்டரைப் பொருத்தினால் 1.6 ஆம்பியர் வரை அளிக்கும். சுழலும் ஹார்டு டிஸ்க் தொடக்கத்தில் மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கும். அது கிடைக்காதபோது டிஸ்க் 'டிக், டிக்' என ஒலித்து நின்றுவிடக்கூடும். தனி அடாப்டர் கொண்ட ஹப் வழியாக இணைத்தால் இக்குறை நீங்கும்.

இரண்டாவது, கம்பி. அடாப்டர் கம்பியின் மின்தடை கால் ஓம் என்று கொள்வோம். 2 ஆம்பியர் பாயும்போது அரை வோல்ட் அதிலேயே இழக்கப்படும். பலகைக்கு எஞ்சுவது 4.6 வோல்ட். 4.63 வோல்ட்டுக்குக் கீழே சென்றாலே பலகை எச்சரிக்கை காட்டும். திரையின் மூலையில் மின்னல் குறி தோன்றுவது இதனாலேயே. டிஸ்க்கையும் பலகையையும் இணைக்கும் கம்பியை மாற்றிப் பார்ப்பதும் அவசியம்.

மூன்றாவது, துளை. நீல நிறத் துளை யூ.எஸ்.பி. 3 வகையைச் சார்ந்தது. அதில் டிஸ்க் இயங்கும்போது எழும் மின்னிரைச்சல், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் கம்பியில்லா விசைப்பலகையைத் தடுமாறச் செய்யும். விசைப்பலகையின் சிறு வாங்கியை ஒரு நீட்டிப்புக் கம்பியில் பொருத்திச் சற்றுத் தள்ளி வைத்தல் நலம்.

நான்காவது, கணினியையே வினவுதல். டெர்மினல் திரையில் எல்.எஸ்.யூ.எஸ்.பி. என்னும் ஆங்கில எழுத்துகளைச் சிறிய எழுத்தில், புள்ளியும் இடைவெளியுமின்றித் தட்டச்சிட்டால் இணைந்துள்ள சாதனங்களின் பட்டியல் வரும். டிஸ்க் அதில் இல்லையெனில் குறை மின்சாரத்திலோ, கம்பியிலோ, துளையிலோ, டிஸ்க்கிலோ இருத்தல் வேண்டும். பட்டியலில் பெயர் இருந்தும் கோப்புகள் திறக்கவில்லையெனில், இணைப்பு ஓரளவு செயற்படுகிறது என்றும், கோப்பமைப்பையும் ஆராய வேண்டும் என்றும் அறியலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் எதனால் குணமாயிற்று என்பது விளங்காது.

இனி, அனைத்தினும் முக்கியமான எச்சரிக்கை ஒன்று. சோதிப்பதற்காக அந்த டிஸ்க்கை விண்டோஸ் கணினியில் பொருத்துவோர் உண்டு. லினக்ஸ் முறையில் வடிவமைக்கப்பட்ட டிஸ்க்கை விண்டோஸ் இயல்பாகப் படிப்பதில்லை. ஆகவே, 'ஃபார்மட் செய்யவா?' என்று அது கேட்கும். டிஸ்க் நல்ல நிலையில் இருக்கும்போதும் இக்கேள்வி எழும். அவசரத்தில் 'ஆம்' என்று அழுத்திவிட்டால், மகளின் நிக்காஹ் படங்களும், மறைந்த பாட்டனாரின் குரல் பதிவும் கண்ணெதிரே கைநழுவிப் போகும். அதனை மூடிவிட்டு, டிஸ்க்கைப் பத்திரமாகக் கழற்றி விடுங்கள்.

அடாப்டரையும் கம்பியையும் பணம் கொடுத்து மீண்டும் வாங்கிக்கொள்ளலாம். அப்படங்களை எந்தக் கடையிலும் வாங்க இயலாது. எனவே, இணைப்பு நன்றாக இயங்கும் இன்றே, அவற்றுக்கு வேறொரு டிஸ்க்கிலும் ஒரு பிரதி எடுத்து வைப்பீர்களாக!