சோளம் வாகனத்துக்கா, வயிற்றுக்கா?

மெக்சிக்கோவின் ஏழைக் குடும்பங்களுக்குத் 'தோர்த்தியா' எனும் சோள ரொட்டியே அன்றாட உணவு. 2007 ஜனவரியில் அதன் விலை திடீரென உயர்ந்தது. காரணம் அயல்நாட்டிலிருந்து தொடங்கியது. அமெரிக்காவில் எதனோல் எனும் வாகன எரிபொருளுக்காக மஞ்சள் சோளம் பெருமளவில் வாங்கப்பட, அதன் விலை ஏறியது. அதைக் கால்நடைத் தீவனமாக வாங்கியோர், மக்கள் உண்ணும் வெள்ளைச் சோளத்தை நாடினர். வியாபாரிகள் பதுக்கியதாகவும் குற்றச்சாட்டு எழுந்தது. கிலோ 8.50 பேசோ என அரசு வர்த்தகர்களுடன் உடன்பாடு கண்டது. எல்லாக் கடைகளும் அதை மதிக்கவில்லை. ஜனவரி 31 இல் பல்லாயிரம் பேர் தலைநகரில் ஊர்வலம் சென்றனர்.

எங்கோ ஒரு வாகனத்தை நிரப்பிய செலவு, கடைசியில் அடுப்படியில் நிற்கும் பெண்ணின் தலையில் விழுந்தது. விலை ஏறும்போது கடைக்காரரை மட்டும் ஏசாமல், பொருள் வந்த வழியையும் கேட்டறிவோம்.