மருத்துவர்க்கும் மருந்து வேண்டும்

மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் உண்டென வள்ளுவப் பெருந்தகை ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறளில் வகுத்தார். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்பன அவை. இக்குறளை மாணாக்கர்க்கு உரைக்குந்தோறும் எனக்கு ஓர் எண்ணம் எழும். இந்நான்கனுள் மருந்து குறைந்தால் நாடே பேசுகின்றது. தீர்ப்பவன் தேய்ந்தால் பேசுவார் அரியர்.

2022 ஆம் ஆண்டு நெருக்கடிக்குப்பின் நம் மருத்துவர் நூற்றுக்கணக்கில் கடல் கடந்தனர். இலவசக் கல்வியால் உயர்ந்தவர் செல்வது நன்றிக்கேடென்பர் சிலர். அவ்வுரையில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் எஞ்சினோர் சுமையை எண்ணல் வேண்டும். 2025 மார்ச்சில் அனுராதபுரம் போதனா மருத்துவமனை விடுதியிலேயே ஒரு பெண் மருத்துவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். இளைப்பாறும் இடமும் காவலற்றதாயின் தொண்டுள்ளம் எங்ஙனம் நிலைக்கும்?

தலைநகரில் ஒருவர் நீங்கினால் மற்றொருவரை நாடலாம். தலவாக்கலையைச் சூழ்ந்த தோட்டத்தாருக்கோ தோட்ட மருத்துவ உதவியாளர், அவரை விட்டால் லிந்துலை, அதனையும் விட்டால் நுவரெலியா. இங்கே ஒருவரின் சோர்வு ஒரு மலைச்சரிவு முழுவதன் துன்பமாகும்.

பணியால் விளையும் இச்சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019 இல் நோயெனக் கொள்ளாது, தொழில்சார் நிகழ்வெனவே வகுத்தது. ஆகவே இதன் மூலத்தைத் தனியொருவரின் மனத்தில் மட்டும் தேடுதல் தகாது. பணியின் அமைப்பிலும் தேடல் வேண்டும்.

மக்களோடு பழகும் பிற தொழில்கள் ஈண்டு வழிகாட்டும். விமானிக்கு ஓய்வு சலுகையன்று, சட்டம். ஆசிரியனுக்குப் பாடமில்லா வேளை நேரசூசியிலேயே உண்டு. தவணை விடுமுறையும் உண்டு. அடங்காத பிள்ளையைப் பற்றி மனந்திறந்து பேச ஆசிரியர் அறையும் உண்டு. லண்டனில் குடும்ப ஆலோசனை புரிந்த சமூகப் பணியாளர் தம் கடினமான அனுபவங்களைக் கூடிப் பேசும் முறையை ஈனிட் பாலிண்ட் அம்மையார் வளர்த்தார். 1950களில் அவர் கணவர் மைக்கேல் பாலிண்ட் அதனைப் பொது மருத்துவரிடையே பரப்பினார். மனத்தை வருத்தும் நோயாளரைப் பற்றிச் சக மருத்துவரிடம் கூறி ஆறுதலும் தெளிவும் பெறும் அக்குழுக்கள் இன்றும் பல நாடுகளில் இயங்குகின்றன. கட்டடமோ கருவியோ அதற்கு வேண்டுவதில்லை.

நோய் நேரசூசி பார்த்து வருமோ என வினவலாம். வாராது. அதனாலன்றோ ஒருவர் ஓய மற்றொருவர் விழித்திருக்கும் முறை வேண்டும்! ஆட்குறைவு உள்ளவிடத்தும் காவலுள்ள விடுதி, இராப்பணிக்குப் பின் உறுதியான ஓய்வு, எழுத்துவேலைக்கு வேறொருவர், மாதமொரு கூடிப்பேசும் வேளை ஆகியவற்றைத் தொடங்குதல் அரிதன்று.

கொழுந்து தரும் தேயிலைச் செடியையும் கவ்வாத்து வெட்டிச் சிலகாலம் கொய்யாது விடுகின்றோம். செடிக்கு அளிக்கும் அந்நியாயத்தை மருத்துவருக்கும், அவர் அருகிருந்து உழைக்கும் தாதியருக்கும் அளித்தல் சுகாதார அமைச்சின் கடன். அதனைக் கேட்டுப் பெறுதல் நோயாளராகிய நம் கடனுமாகும்.