திரை சொல்லும் நிறம் நிஜந்தானா?



வீட்டோடு இருந்தபடியே நாலு காசு பார்க்கும் பெண்கள் இப்போது எங்கள் தாராபுரம் பக்கத்தில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஒருத்தி நெகமம் காட்டன் சேலையைப் படம் பிடித்துச் செல்போனில் அனுப்பி விற்கிறாள். இன்னொருத்தி திருப்பூரிலிருந்து குழந்தைகள் உடுப்பு எடுத்து வந்து விற்கிறாள். வேறொருத்தி ஸ்டூடியோக்காரர்களுக்குக் கல்யாணப் படங்களைத் திருத்திக் கொடுக்கிறாள். மூவர் பிழைப்பும் ஒரே விஷயத்தில் நிற்கிறது: படத்தில் தெரிகிற நிறம் நிஜமாக இருக்க வேண்டும்.

அதனால் இந்த முறை அடுப்படியை விட்டு வெளியே வந்து, கம்ப்யூட்டர் மானிட்டர் வாங்குவது பற்றி எழுதுகிறேன். "இதெல்லாம் ஆம்பளைங்க சமாசாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மிக்ஸி வாங்கும்போது நாலு கேள்வி கேட்கிறோமல்லவா? இதற்கும் அதே போல நாலு கேள்விதான்.

சேலை ஏன் திரும்பி வருகிறது?

என் தம்பி மகள் சேலை வியாபாரம் செய்கிறாள். ஒரு நாள் முகம் வாடி வந்து உட்கார்ந்தாள். "அத்தை, ஒரே வாரத்துல மூணு சேலை திரும்பி வந்துருச்சுங்க. நீலம்னு நெனச்சு வாங்கினோம், கத்திரிப்பூ கலர் வந்திருக்குதுன்னு சொல்றாங்க. சேலை கத்திரிப்பூ கலர்தானுங்களே!" என்றாள்.

போக வரக் கூரியர் செலவு அவள் தலையில். மடிப்புக் கலைந்த சேலையைப் புதுசு என்று விற்கவும் மனசு வராது. எல்லாவற்றுக்கும் மேலே, "அந்தப் பொண்ணுகிட்ட வாங்காதே, கலர் மாத்தி அனுப்பும்" என்ற பேச்சு வந்துவிட்டால் அதற்கு என்ன விலை?

காரணம் அவளுடைய பத்து வருஷப் பழைய திரை. பழைய திரைகளின் உள்விளக்கு நாளாக ஆக மஞ்சள் பாய்ந்துவிடும். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்களே, அதே கதைதான். படம் மஞ்சளாக இருப்பதாக நினைத்து இவள் மஞ்சளைக் குறைத்து நீலத்தைக் கூட்டுவாள். இவள் திரையில் கத்திரிப்பூ நிறம் கச்சிதமாகத் தெரியும். வாங்குகிறவர் செல்போனிலோ நீலமாகத் தெரியும். இவள் பொய் சொல்லவில்லை. திரை இவளிடம் பொய் சொல்லிவிட்டது.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி, திரை எந்த ரகம் என்பது. ஐ.பி.எஸ்., வி.ஏ., டி.என். என்று மூன்று ரகம் பரவலாகக் கிடைக்கின்றன. டி.என். திரையில் தலையைக் கொஞ்சம் மேலும் கீழும் அசைத்தாலே நிறம் மாறும். வி.ஏ. திரையில் கறுப்பு நன்றாக இருக்கும், ஆனால் பக்கவாட்டில் பார்த்தால் நிறம் வெளுக்கும். படத் திருத்தத்துக்கு ஐ.பி.எஸ்.தான் தேவலை. எந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தாலும் நிறம் அநேகமாக அப்படியே நிற்கும்.

இரண்டாவது, எவ்வளவு நிறம் காட்டும் என்பது. இதற்கு எஸ்.ஆர்.ஜி.பி. என்று ஓர் அளவு உண்டு. ஹ்யூலெட் பேக்கார்டும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 1996-இல் முன்வைத்தது. இன்றைக்கும் இன்டர்நெட் படங்களுக்கு அதுதான் பொது அளவு. பெட்டியில் இந்த அளவு 99 அல்லது 100 சதவீதம் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சில மலிவுத் திரைகளில் என்.டி.எஸ்.சி. 45 சதவீதம் என்று வேறோர் அளவு போட்டிருப்பார்கள். அது பலமுறை துவைத்த சேலை மாதிரி வெளுத்துக் காட்டும். அதே அளவில் 72 சதவீதம் என்றிருந்தால் ஏறக்குறைய முழு எஸ்.ஆர்.ஜி.பி.க்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம்.

1998-இல் வந்த அடோப் ஆர்.ஜி.பி. என்ற அளவு இதைவிட அகலமானது. பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவிலுள்ள நிறங்களில், அதாவது நம் மயில் கழுத்து நிறத்தின் பக்கத்தில், அது கூடுதலாகக் காட்டும். அந்த மாதிரித் திரைக்கு விலை அதிகம். உயர்ந்த தரத்தில் அச்சுப் போடுகிறவர்களுக்குத்தான் அது அவசியம். செல்போனில் படம் அனுப்பி விற்பவர்களுக்கு எஸ்.ஆர்.ஜி.பி. போதும்.

மூன்றாவது, அளவு. 24 அங்குலத் திரைக்கு 1920-க்கு 1080 புள்ளிகள் போதும். 27 அங்குலம் என்றால் 2560-க்கு 1440 புள்ளிகள் இருப்பதாக எடுங்கள். இல்லையென்றால் பெரிய திரையில் படம் பொரிபொரியாகத் தெரியும்.

நான்காவது, எது வேண்டாம் என்பது. வளைந்த திரை, 144 ஹெர்ட்ஸ் வேகம், பின்னால் எரிகிற வர்ண விளக்கு இவையெல்லாம் விளையாட்டுப் பிள்ளைகளுக்கு. அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். 10,000 ரூபாய்க்கு முன்பின்னாகவே நல்ல 24 அங்குல ஐ.பி.எஸ். திரை கிடைத்துவிடுகிறது.

கடையில் உரசிப் பாருங்கள்

தங்கத்தை உரசிப் பார்த்து வாங்குகிற நாம், திரையை மட்டும் பெட்டியோடு தூக்கி வரலாமா? கடைக்குப் போகும்போது ஒரு கத்திரிப்பூ சேலையையும் ஒரு மயில் கழுத்துச் சேலையையும் கைப்பையில் வையுங்கள். பகல் வெளிச்சத்தில் அவற்றை எடுத்த படத்தைப் பென் டிரைவில் கொண்டு போங்கள். கடைகளில் பளபளப்பாகத் தெரிவதற்காக நிறத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள். "எஸ்.ஆர்.ஜி.பி. முறைக்கு மாத்துங்க" என்று கேளுங்கள். பிறகு படத்தைத் திறந்து, சேலையைப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். கடை விளக்கு ஒரு மாதிரி இருக்கும் என்பதால் அச்சு அசலாக ஒத்துப் போகாது. ஆனால் இரண்டு மூன்று திரைகளில் எது சேலைக்குக் கிட்டே வருகிறது என்று நம் கண்ணே சொல்லிவிடும்.

அடுத்தது, வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறக்கச் சொல்லுங்கள். மஞ்சளோ நீலமோ தட்டுகிறதா, ஓரங்கள் மங்கலா, கறுப்புப் புள்ளி ஏதும் உண்டா என்று பாருங்கள். புள்ளி இருந்தால் மாற்றித் தருவார்களா என்பதைப் பணம் கொடுக்குமுன்னே கேட்டு வைப்பது நல்லது.

வீட்டுக்கு வந்தபின்

புதுத் திரைகள் பெரும்பாலும் அதிக வெளிச்சத்தோடுதான் வருகின்றன. அப்படியே வைத்துக்கொண்டு வேலை செய்தால், திரையில் பளிச்சென்று தெரிகிற படம் அச்சில் இருட்டடித்து வரும். ஆல்பம் வேலை செய்பவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். திரைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். திரையின் வெள்ளையும் தாளின் வெள்ளையும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரிகிற மட்டும் வெளிச்சத்தைக் குறையுங்கள். நிறச் சூட்டை 6500 என்று வையுங்கள். ராத்திரியில் தானாக மஞ்சளாகும் வசதி இருந்தால், படத் திருத்த நேரத்தில் நிறுத்திவிடுங்கள்.

ஜன்னல் வெயில் திரை மேல் விழக்கூடாது. எதிர்ச் சுவர் அடர்ந்த ரோஸ் நிறம் என்றால் அதுவும் கண்ணை ஏமாற்றும். திரையைப் போட்டு அரைமணி நேரம் கழித்து நிற வேலை தொடங்குங்கள். இதைத் தொழிலாகவே செய்பவர்கள், நிறத்தை அளந்து திருத்தும் சிறு கருவி ஒன்றைப் பின்னால் வாங்கிக்கொள்ளலாம். நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினாலும் போதும்.

துடைப்பதற்கு மென்மையான மைக்ரோஃபைபர் துணி. அதை லேசாக ஈரமாக்கி, திரையை அணைத்துவிட்டுத் துடையுங்கள். கண்ணாடி துடைக்கும் திரவத்தை நேராக அடிக்காதீர்கள், மேல்பூச்சு போய்விடும்.

கண்ணையும் கவனியுங்கள்

திரை ஒரு கை நீளத் தூரத்தில், அதன் மேல் விளிம்பு கண்மட்டத்துக்கோ சற்றுக் கீழேயோ இருக்கட்டும். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடி தள்ளியுள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள். வாசலில் முருங்கை மரம் இருந்தால் அதுவே போதும். நாற்பது தாண்டி இரட்டைக் கண்ணாடி போட்டிருப்பவர்கள், கழுத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்து வலி வரவழைத்துக்கொள்வதைவிட, கண் டாக்டரிடம் திரைத் தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி கேட்பது உத்தமம்.

"வாங்குகிறவங்க போன் எப்படி இருக்குமோ, நாம மட்டும் நல்ல திரை வாங்கி என்ன பண்ண?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அவர்கள் போனை நாம் திருத்த முடியாது. ஆனால் நம் பக்கம் ஒரு தப்பு, அவர்கள் பக்கம் ஒரு தப்பு என்று இரண்டும் சேரும்போதுதான் கத்திரிப்பூ நீலமாகிறது. நம் பக்கத்துத் தப்பை எடுத்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்தது. மீதிப் பாதிக்கு வழி, படத்துக்குக் கீழே நிறத்தின் பெயரையும் எழுதுவது. வெறுமனே பச்சை என்று போடாமல் கிளிப்பச்சை, இலைப்பச்சை, பாசிப்பச்சை என்று பிரித்து எழுதுங்கள். அரக்கு, வெங்காயத்தோல், மாம்பழ மஞ்சள் என்றால் எந்த ஊர்ப் பெண்ணுக்கும் கண்முன்னே சேலை விரிந்துவிடும்.

மறுபடி அடுத்த இதழில் பார்க்கலாம், வரட்டுமா?