பிரம்பு கேட்கும் பெற்றோருக்கு



"கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிங்க சேர்" என்று பிள்ளையை எங்களிடம் ஒப்படைக்காதீர்கள்.

கல்வி அமைச்சின் சுற்றுநிருபம் பாடசாலையில் அடிப்பதைத் தடுக்கிறது. 10 வருடம் பணிவிடை செய்த அனஸ் (ரழி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் ஒருமுறையேனும் 'சீ' என்றதில்லை. தொழுகைக்காகச் சொன்ன ஹதீஸைக் கணக்குக் கொப்பிக்கு நீட்டாதீர்கள்.

தரம் 10 பிள்ளைக்கு அடியை விட, வகுப்பின் முன் பட்ட வெட்கமே வலிக்கும். மறுநாள் பாடசாலைக்கே வராது.

நாங்கள் வகுப்பு விதிகளைப் பிள்ளைகளைக் கொண்டே எழுதுவிக்கிறோம். வீட்டுவேலை செய்யாதவர் இடைவேளையில் எங்களோடு இருந்து முடிக்கிறார். குழப்படிக்காரரைத் தனியே கூப்பிட்டுப் பேசி, ஒரு பொறுப்பும் கொடுக்கிறோம்.

உம்மாமாரே, வாப்பாமாரே, பிரம்பு வாங்கித் தர வேண்டாம். மாதம் ஒருநாள் வந்து பிள்ளையின் கொப்பியைப் பாருங்கள்.