ஊராட்சித் திட்டத்தில் இளவட்டங்களுக்கு ஒரு பக்கம் வேண்டும்

அக்டோபர் மாசக் கிராம சபை வருது. அடுத்த வருஷத்துக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் போடுற வேலை அந்தக் கூட்டத்தில்தான் ஆரம்பிக்கும். அதனால இந்த வாரம் மக்காச்சோளத்தையும் படைப்புழுவையும் ஓரமா வச்சிட்டு இதைப் பத்தி எழுதறேன்.

எந்த ஊராட்சித் திட்டத்தை வேணாலும் எடுத்துப் பாருங்க. சிமெண்ட் ரோடு, வடிகால், தெருவிளக்கு, மேல்நிலைத் தொட்டி, போர்வெல் மோட்டார், சுடுகாட்டுக்குக் கொட்டகை. எல்லாமே வேணும்தான், எதையும் நான் வேண்டாம்னு சொல்லலை. ஆனா ஊர்ல பதினஞ்சுல இருந்து இருபத்தஞ்சு வயசுக்குள்ள இருக்கிற பசங்களுக்கும் பொண்ணுங்களுக்கும் என்று ஒரு வரி இருக்கா? தேடிப் பாருங்க. எனக்குத் தெரிஞ்ச ஊர்கள்ல இல்லை.

திட்டம் போட மத்திய அரசு ஒன்பது தலைப்பு கொடுத்திருக்கு. வறுமையில்லா ஊராட்சி, நலமான ஊராட்சி, குழந்தை நேய ஊராட்சி, தண்ணீர் நிறைந்த ஊராட்சி, தூய்மையான பசுமையான ஊராட்சி, கட்டமைப்பு வசதி கொண்ட ஊராட்சி, சமூக நீதி, நல்லாட்சி, மகளிர் நேயம். குழந்தைக்கு இடம் இருக்கு, பெண்களுக்கு இடம் இருக்கு, ரெண்டும் சரியானதுதான். குழந்தையா இருந்தவன் மீசை முளைச்ச உடனே எந்தத் தலைப்புக்குள்ள போறான்? "வறுமை, வாழ்வாதாரம்" என்கிற தலைப்புல எங்கயோ ஒளிஞ்சிருக்கான்னு அதிகாரிங்க சொல்லலாம். ஒளிஞ்சிருக்கிறவனுக்கு யாரும் பணம் ஒதுக்க மாட்டாங்க.

அரசாங்கம் ஒண்ணுமே செய்யலைன்னு நான் சொல்ல வரலை. 2022 மார்ச்சில் நான் முதல்வன் வந்தது. அதே வருஷம் செப்டம்பரில் புதுமைப்பெண், 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன். அரசுப் பள்ளியில் படிச்சு கல்லூரி போற புள்ளைக்கு மாசம் 1,000 ரூபாய் கணக்குல விழுது. பஸ் செலவு போக, செமஸ்டர் பீஸுக்கு அதுல சேர்த்து வைக்கிற பொண்ணுங்களை எனக்குத் தெரியும். நல்ல திட்டம்.

ஆனா இந்தப் பணம் சென்னையில இருந்து நேரா பேங்க் கணக்குக்குப் போறது. நடுவுல ஊராட்சிக்கு வேலை இல்லை. அதோட, கல்லூரி வாசலை மிதிச்சவங்களுக்குத்தான் அது கிடைக்கும். பத்தாவதோட நின்னவன், பன்னெண்டாவதுல ஒரு பாடம் போயி வீட்ல இருக்கிறவன், டிப்ளமோ முடிச்சிட்டு மூணு வருஷமா "பாத்துக்கிட்டிருக்கேன் மாமா"ன்னு சொல்றவன், பஸ் இல்லைன்னு படிப்பை நிறுத்திக் கல்யாணம் பண்ணிக் கொடுத்த பொண்ணு, இவங்களை யார் எண்றாங்க?

என் ரெண்டு மாட்டுக்கும் காதுல மஞ்சள் வில்லை மாட்டி, 12 இலக்க நம்பர் கொடுத்து, எப்போ தடுப்பூசி போட்டாங்கன்னு வரைக்கும் பதிவு வச்சிருக்காங்க. ஊர்ல எத்தனை குழாய் இணைப்பு, எத்தனை தெருவிளக்குன்னு ஊராட்சிச் செயலாளரைக் கேட்டா நிமிஷத்துல சொல்லுவார். இந்த ஊர்ல பத்தாவதோட நின்ன புள்ளைங்க எத்தனை பேர்னு கேளுங்க. நோட்டு இருக்காது. எண்ணாத ஒண்ணுக்கு எப்படித் திட்டம் போடுவாங்க?

"அதெல்லாம் ஊராட்சி வேலையா?" என்று சிலர் கேட்பாங்க. ஆமாம், ஊராட்சி வேலைதான். 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தத்தோட பதினோராவது அட்டவணைன்னு ஒண்ணு சேர்த்தாங்க. ஊராட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்று 29 துறைகள் அதுல இருக்கு. குடிநீரும் ரோடும் மாதிரியே பள்ளிக் கல்வி, தொழிற்பயிற்சி, நூலகம், சிறுதொழில் எல்லாம் அந்தப் பட்டியல்ல வருது. கொடுக்கணுமா வேண்டாமான்னு முடிவு பண்றது மாநில அரசு. அதனாலதான் பேர் பட்டியல்ல இருக்கு, சாவி வேற இடத்துல இருக்கு. பக்கத்துக் கேரளாவில் 1996-ல் மக்கள் திட்டம்னு ஆரம்பிச்சு, மாநிலத் திட்டப் பணத்துல 35 முதல் 40 சதவீதம் வரைக்கும் உள்ளாட்சிக்குக் கொடுக்கிறதுன்னு முடிவு பண்ணினாங்க. நம்ம பக்கம் அந்த மனசு யாருக்கும் வரலை, எந்தக் கட்சி இருந்தாலும்.

பணம் இல்லைன்னு சொல்றதுல உண்மையும் இருக்கு. 15-வது நிதிக்குழு மானியத்துல 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போட்டுத்தான் வந்துச்சு. மீதி 40 சதவீதத்துலதான் ஊர் தன் விருப்பத்துக்கு எதையாவது செய்ய வேண்டியிருந்தது. சின்ன ஊராட்சிக்கு அது ஒரு தெரு ரோட்டுக்கே பத்தாது. அதனால பெரிய கட்டடம் கட்டுங்கன்னு நான் கேட்கலை. இருக்கிறதைத் திறங்க, இல்லாததை எழுதுங்கன்னுதான் கேட்கிறேன்.

முதல்ல நூலகம். 2006-ல் அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் வந்தப்போ ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் கட்டினாங்க. எத்தனை ஊர்ல இன்னிக்கு அது தினமும் திறக்குது? சில ஊர்ல பழைய தளவாடம் போட்டு வைக்கிற அறை ஆயிடுச்சு. நாம வீட்டு வரி கட்டும்போது ரூபாய்க்கு 10 காசு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுறோம், ரசீதைப் பாருங்க. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பசங்க நூறு ரூபாய் செலவழிச்சு டவுன் நூலகத்துக்குப் போய்ட்டு வராங்க. உள்ளூர்க் கட்டடத்துல ஒரு லைட்டு, ஒரு ஃபேன், நாலு மேசை, சாயங்காலம் அஞ்சு மணியில இருந்து ஒன்பது வரைக்கும் திறக்கிற பொறுப்பான ஒரு ஆள் போதும். இல்லம் தேடிக் கல்வி 2021-ல் ஆரம்பிச்சப்போ, அந்தந்த ஊர்ப் பொண்ணுங்கதான் சாயங்காலம் புள்ளைங்களை உட்கார வச்சுச் சொல்லிக் கொடுத்தாங்க. ஊர்ல அதுக்கு ஆள் இருக்குன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு.

ரெண்டாவது, விளையாட்டு. அரசாங்கம் ஊராட்சிகளுக்கு விளையாட்டுச் சாமான் கொடுத்திருக்கு. பிரிக்காத பெட்டியா பீரோவுக்குப் பக்கத்துல இருந்தா அதனால யாருக்கு லாபம்? புறம்போக்குல ஒரு ஏக்கரைச் சீமைக்கருவேலம் எடுத்துச் சமன் பண்ணிக் கொடுத்தா, பொழுது சாய பசங்க டாஸ்மாக் பக்கம் போறதுக்குப் பதிலா அங்க நிப்பாங்க. எல்லாரும் மாறிடுவாங்கன்னு சொல்லலை, பாதிப் பேர் மாறினாலே பெருசு.

மூணாவது, தொழில். எங்க பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும்தான். சோளம் அறுக்க மிஷின் வெளியூர்ல இருந்து வருது, ஓட்டுற டிரைவரும் வெளியூர். மோட்டார் எரிஞ்சா காயில் கட்ட டவுனுக்குத் தூக்கிட்டுப் போறோம், ரெண்டு நாள் தண்ணி நின்னு போகுது. இதெல்லாம் நம்ம ஊர்ப் பையன் கத்துக்க முடியாத வித்தையா? இயந்திர வாடகை மையம் வைக்க வேளாண் பொறியியல் துறை மானியம் தருது. ஐ.டி.ஐ. டவுன்ல இருக்கு. எந்தப் பையனுக்கு எது ஒத்து வரும்னு பார்த்து விண்ணப்பம் எழுத வைக்கிற ஒரு ஆள்தான் ஊர்ல இல்லை. அந்த வேலையை ஊராட்சி எடுக்கணும்.

"படிக்க வச்சா ஊரை விட்டுப் போயிடுவான், அவனுக்கு எதுக்கு ஊர்ப் பணம்?" என்று எங்க திண்ணையில பெரியவங்க கேட்கிறாங்க. அவங்களுக்கு ஒரு கணக்கு சொல்றேன். 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல ஒரு விவசாயிக்குச் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது ரெண்டு ஏக்கருக்கும் கம்மி. ரெண்டு பையன் இருந்தா ஆளுக்கு ஒரு ஏக்கர் கூட வராது. அதை வச்சு ரெண்டு குடும்பம் பிழைக்காதுன்னு பெரியவங்களுக்கே தெரியும். போறவன் போகத்தான் செய்வான். கையில ஒரு தொழிலோட திருப்பூருக்கோ துபாய்க்கோ போறானா, இல்ல ஏஜெண்டுக்கு வட்டிக்கு வாங்கிக் கொடுத்துட்டுக் கண்ணைக் கட்டிக்கிட்டுப் போறானா, அதுதான் கேள்வி. இருக்க நினைக்கிறவனுக்கு இங்க ஒரு பிழைப்பு இருக்கணும், அதுவும் கேள்விதான்.

இதையெல்லாம் யார்கிட்ட கேட்கிறது? இங்கதான் பெரிய ஓட்டை. எங்க மாவட்டமும் சேர்த்து 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த ஊராட்சிகளுக்கு 2025 ஜனவரி 5-ஆம் தேதியோட பதவிக்காலம் முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் தனி அலுவலர் பொறுப்பு. மாநிலத்துல சுமார் 12,500 ஊராட்சி, 388 ஒன்றியம். சராசரியா ஒரு ஒன்றியத்துக்கு 32 ஊராட்சி. அந்த அதிகாரி எவ்வளவு நல்லவரா இருந்தாலும் முப்பது ஊர்ப் பசங்க முகத்தை எப்படித் தெரிஞ்சு வச்சிருப்பார்? 2016 அக்டோபரில் இருந்து 2019 டிசம்பர் வரைக்கும் இதே கதைதான் நடந்தது. 2020 ஜனவரியில 18 முடிஞ்ச ஒரு பொண்ணுக்கு 2025-ல 23 வயசு ஆயிடுச்சு. எம்.பி., எம்.எல்.ஏ.வுக்கு ஓட்டுப் போட்டிருக்கா. தன் தெரு வார்டு உறுப்பினருக்கு அது வரைக்கும் ஒரு ஓட்டுக் கூடப் போடலை.

21 வயசு ஆனா தேர்தல்ல நிக்கலாம். போன தேர்தல்ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல 21 வயசு கல்லூரி மாணவி ஒருத்தங்க தலைவரா ஜெயிச்சாங்க. அதே தேர்தல்ல மதுரைப் பக்கம் அரிட்டாபட்டியில 79 வயசு அம்மா ஜெயிச்சாங்க. வயசு ஒரு தடை இல்லைன்னு ஜனங்க ரெண்டு பக்கமும் காட்டிட்டாங்க. தேர்தல் வச்சாத்தானே காட்ட முடியும்?

அது வரைக்கும் நம்ம கையில இருக்கிறது கிராம சபைதான். வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கிற எல்லாரும் உறுப்பினர். ஆனா கூட்டத்துல யார் உட்கார்ந்திருக்காங்க? நூறு நாள் வேலைக்கு வர்ற அக்காங்க, என்னை மாதிரி நரைச்ச தலைங்க. பசங்க வெளியில பைக்குல சாய்ஞ்சு நின்னு போன் பார்ப்பாங்க. அவனுங்களைக் கூப்பிட்டு "உனக்கு என்னப்பா வேணும்"னு நாம கேட்டிருந்தா உள்ள வந்திருப்பாங்க. கர்நாடகத்துல பதினெட்டுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கே தனியா குழந்தைகள் கிராம சபை நடத்துறாங்க. நாமளும் நடத்தினா ஒண்ணும் குறைஞ்சு போயிடாது.

கூட்டத்துல சும்மா சத்தம் போட்டா பதிவாகாது, தீர்மானமா எழுத வைக்கணும். நான் எழுதிக் கொடுக்கப் போறது இதுதான். பிடிச்சிருந்தா உங்க ஊர் பேரைப் போட்டு நீங்களும் கொடுங்க:

"நமது ஊராட்சியில் 14 முதல் 25 வயது வரை உள்ள அனைவரின் படிப்பு, வேலை, பயிற்சித் தேவை ஆகியவற்றை வீடு வீடாகக் கணக்கெடுத்துப் பதிவேடு வைப்பது, நூலகத்தைத் தினமும் மாலையில் திறப்பது, விளையாட்டு மைதானத்துக்கு இடம் ஒதுக்குவது, கல்லூரி, ஐ.டி.ஐ. நேரத்துக்குப் பேருந்து கேட்டுக் கடிதம் அனுப்புவது. அடுத்த ஆண்டு வளர்ச்சித் திட்டத்தில் இவற்றுக்குத் தனிப் பக்கம் சேர்ப்பது. அடுத்த கிராம சபையில் இதன் நிலையை வாசிப்பது."

கடைசி வரிதான் முக்கியம். வாசிக்கச் சொல்லலைன்னா தீர்மானம் நோட்டுலயே தூங்கிடும். வீட்ல பதினெட்டு முடிஞ்ச புள்ளை இருந்தா கையோட கூட்டிட்டுப் போய், முன் வரிசையில உட்கார வைங்க. கேள்வியை அவங்களே கேட்கட்டும்.