இத எப்படிடா சுத்தம் பண்றது?

உங்க ப்ராஜெக்ட் இப்போ எங்கே இருக்கு? போன வருஷம் ரிவ்யூ முடிஞ்சு, க்ரூப் போட்டோ எடுத்து, ரிப்போர்ட்டை ஸ்பைரல் பைண்டிங் பண்ணிக் கொடுத்தீங்களே, அதைத்தான் கேட்கிறேன். லேப் மூலையிலா, ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியிலா? எங்களோடது புவனகிரி பக்கம் ஒரு கிராமத்தில், எங்க ஆயா வீட்டுச் சமையல்கட்டில் இருந்தது. அதன் மேல் வறட்டி அடுக்கி வைத்திருந்தார்கள்.

ஆயா வீட்டில் கேஸ் இருக்கு. ஆனால் சிலிண்டர் டீக்கும் அவசரச் சமையலுக்கும்தான். குளிக்க வெந்நீர், நெல் அவிக்கிறது, மாட்டுக்குக் கஞ்சி எல்லாம் விறகில்தான். சவுக்கு மிலாறு, முந்திரி விறகு, தென்னை மட்டை. கடலூர் மாவட்டத்துப் பசங்களுக்கு இந்த லிஸ்ட்டை விளக்க வேண்டியதில்லை. அந்தப் புகையில் ஆயா ஐம்பது வருஷமாக இருமிக்கொண்டு இருக்கிறார். அதனால்தான் மினி ப்ராஜெக்டுக்கு அடுப்பை எடுத்தோம்.

ஐடியா சிம்பிள். குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக வைக்க எரிக்கும் விறகு அடுப்புகள் சிலவற்றில் கேட்டலிஸ்ட் இருக்கும். புகை என்பது எரியாமல் தப்பித்துப் போகிற எரிபொருள்தான். அது முழுசாக எரிய சுமார் 600 டிகிரி செல்சியஸ் வேண்டும். பிளாட்டினம், பல்லேடியம் பூசின தேன்கூடு மாதிரியான செராமிக் வழியாக அனுப்பினால் சுமார் 260 டிகிரியிலேயே எரிந்துவிடும். கார் சைலன்ஸரில் இருப்பதும் இதே சங்கதி. கடலூர் ஓ.டி. பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில் பெட்டி அடித்தோம். பழைய இரும்புக் கடையில் ஒரு கார் கன்வெர்ட்டர் கிடைத்தது. அதை உடைத்து செராமிக்கை எடுத்துப் புகைக்குழாயில் சொருகினோம். நன்றாகக் காய்ந்த சவுக்கைப் போட்டு டெஸ்ட் பண்ணினால் கண்ணுக்குப் புகையே தெரியவில்லை. ரிவ்யூவில் நல்ல மார்க்.

பொருத்தின அன்னைக்கு ஆயா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இத எப்படிடா சுத்தம் பண்றது?"

"அதெல்லாம் தேவையே இல்ல ஆயா, இதுல புகையே வராது"ன்னு சிரித்துக்கொண்டே சொன்னேன். நாங்க நாலு பேருமே வாழ்க்கையில் ஒரு நாள்கூட அடுப்புச் சாம்பல் அள்ளினதில்லை.

அப்புறம் ஐப்பசி மழை. நடுவில் ரெண்டு தடவை ஊருக்குப் போனேன். ரெண்டு தடவையும் எங்க அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. பொங்கலுக்குப் போனபோது பக்கத்து வீட்டு அத்தை போட்டுக் கொடுத்துவிட்டார்: "நீ வர்றேன்னு போன் வந்தாதான்டா உங்க ஆயா அத பத்த வைக்கும். நீ பஸ் ஏறினதும் பழைய அடுப்புதான்." ஆயாவிடம் கேட்டேன். "புள்ளைங்க கஷ்டப்பட்டு செஞ்சது, அத போய் குறை சொல்லுவாங்களா"ன்னு முடித்துவிட்டார். எனக்காக, என் மனசு கோணக் கூடாதுன்னு, அந்த அடுப்புப் புகையையும் சேர்த்து இழுத்திருக்கிறார்.

குழாயைக் கழற்றினேன். செராமிக் ஓட்டையெல்லாம் கரி. காரணம் தேட ரொம்ப நேரம் ஆகவில்லை. மழையில் நனைந்த விறகின் சூட்டில் ஒரு பகுதி தண்ணியை ஆவியாக்கவே போயிடும், கேட்டலிஸ்ட் 260 டிகிரியைப் பார்க்கவே பார்க்காது. நிஜமான கேட்டலிடிக் அடுப்பில் ஒரு பைபாஸ் கதவு இருக்கும். பத்த வைக்கும்போது புகை நேராக மேலே போகும், சூடு ஏறின பிறகுதான் கேட்டலிஸ்ட் பக்கம் திருப்புவார்கள். எங்க டிசைனில் அது கிடையாது. ஆயா அடுப்புப் பத்த வைப்பது பிளாஸ்டிக் கவரைக் கொளுத்தி. பிளாஸ்டிக்கும் பெயின்ட் அடித்த மரமும் கேட்டலிஸ்டைக் கெடுத்துவிடும். இது எதையும் நான் அவரிடம் சொன்னதே இல்லை. குழாய் அடைத்ததும் புகை எங்கே போகும்? திரும்பிச் சமையல்கட்டுக்குத்தான்.

நாலு ஸ்டூடண்ட்ஸ் சொதப்பிய கதைதானேன்னு நினைக்காதீங்க. மத்திய அரசு 1983-ல் ஆரம்பித்த மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டத்தில் நாடு முழுக்க 3 கோடிக்கும் மேல் அடுப்புகள் கொடுத்தார்கள். 2002-ல் திட்டம் நின்றுபோனது. அப்புறம் ஒடிசாவில், பின்னாளில் நோபல் வாங்கிய எஸ்தர் டஃப்லோவும் இன்னும் இருவரும் புகைக்குழாய் வைத்த அடுப்பு கொடுக்கப்பட்ட வீடுகளைச் சில வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் வருஷம் சமைக்கிறவர் சுவாசிக்கும் புகை குறைந்தது. அப்புறம் அந்தப் பலன் காணாமல் போனது. அடுப்பைப் பராமரிக்கவில்லை, உடைந்ததைச் சரி பண்ணவில்லை, வர வரப் பயன்படுத்துவதும் குறைந்தது. லேபில் ஜெயித்த அடுப்பு வீட்டில் தோற்றது.

"அதான் கேஸ் வந்துடுச்சே"ன்னு கேட்பீங்க. தமிழ்நாட்டில் இலவச கேஸ் அடுப்பு கொடுத்தாங்க, 2016-ல் உஜ்வாலா வந்தது. கேஸ் சுத்தமானதுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சிதம்பரத்திலிருந்து பத்து கிலோமீட்டர் உள்ளே போய் எந்த வீட்டுக் கொல்லையையும் பாருங்க. சிலிண்டருக்குப் பின்னால் விறகு அடுப்பும் இருக்கும். ரீஃபில் விலை குறைந்து, அண்டா நிறைய வெந்நீரும் கேஸிலேயே வைக்க முடிகிற வரைக்கும் அது இருக்கும்.

என் கருத்து இதுதான். பராமரிப்பு என்பது டிசைன் முடிந்த பிறகு யூஸர் தலையில் கட்டுகிற வேலை இல்லை, அது டிசைனில் பாதி. குளிர் நாட்டு அடுப்பும் சும்மா ஓடுவதில்லை. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே காய்ந்த விறகு வேண்டும், கேட்டலிஸ்ட் மேல் படியும் சாம்பலை மெல்லிய பிரஷ்ஷால் தட்ட வேண்டும், புகைக்குழாயைத் தேய்க்க வேண்டும், சில வருஷத்தில் கேட்டலிஸ்டையே மாற்ற வேண்டும். அங்கே வாங்குகிறவருக்கு அதெல்லாம் புத்தகமாக அச்சடித்துக் கொடுக்கிறார்கள். நாம என்ன கொடுத்தோம்? பிபிடி-யில் 'லோ மெயின்டனன்ஸ்'னு ஒரு பாயின்ட்.

அதனால் ரிவ்யூவில் எஃபிஷியன்சி கேட்கும்போதே இன்னும் மூணு கேள்வி கேட்கணும். இதை யார் சுத்தம் பண்ணுவாங்க? எதை வைத்து, எத்தனை நாளைக்கு ஒரு தடவை? கெட்டுப்போனால் பக்கத்து ஊரிலேயே சரி பண்ண முடியுமா? பதில் இல்லையென்றால் மார்க்கைக் குறைக்கட்டும். எங்களுக்கும் குறைத்திருக்கணும்.

இப்போ ஆயா வீட்டு அடுப்பில் கேட்டலிஸ்ட் இல்லை. எடுத்துவிட்டோம். நேரான குழாய், அடியில் திறந்து கரியைக் கொட்ட ஒரு மூடி, நீளக் கம்பியில் தென்னை நார் சுற்றின ஒரு பிரஷ். விறகு அடுப்புக்கு மேலே பரணில் காய்கிறது, அது ஆயாவோட பழைய டெக்னிக். டெஸ்டில் பழைய மாடல் அளவுக்குச் சுத்தமாக எரியவில்லை. ஆனால் நான் ஊரில் இல்லாத நாளிலும் எரிகிறது, அத்தையிடம் விசாரித்துவிட்டேன். மாசம் ஒரு தடவை குழாய் தேய்க்கிறது என் வேலை. முதல் தடவை தும்மித் தும்மி மூக்கெல்லாம் கரி.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது, நீங்க யார் வீட்டிலாவது எதையாவது செய்து வைத்திருந்தால், சொல்லாமல் போய்ப் பாருங்க. போன் பண்ணிட்டுப் போகாதீங்க.